வாசலுக்கு அப்பாலும் நம் இடம்தான்!

சென்னைக்குக் கடற்கரை ஒன்றுதான் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ரயிலை விட்டு இறங்கியதும் முதல் கேள்வி, "மெரீனாவுக்கு எப்படிப் போவது?" என்பதுதான். சுண்டல் வாங்கித் தின்று, அலையில் காலை நனைத்து, மணலைத் தட்டிக்கொண்டு ஊர் திரும்பி விடுகிறார்கள். துறைமுகத்துக்கு வடக்கேயும் கடல் இருக்கிறது, ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் என்று வரிசையாக ஊர்கள் இருக்கின்றன, அங்கே குடியிருப்பவர்களுக்கும் மாலையில் காற்று வாங்க ஆசை இருக்கும் என்பதெல்லாம் சென்னைவாசிகளிலேயே பலருக்குத் தோன்றுவதில்லை.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி ஒரு சிறிய மணற்பரப்பு உண்டு. அந்த வட்டாரத்துக் குழந்தைகள் விளையாடுவதும், புதுமணத் தம்பதிகள் உலாவுவதும் அங்கேதான். அதற்கு 'என் ஃபோர் பீச்' என்று பெயர். இது ஏதோ வெள்ளைக்காரத் துரையின் பெயர்ச் சுருக்கம் என்று எண்ணி விடாதீர்கள். பக்கத்திலுள்ள போலீஸ் ஸ்டேஷனின் எண் அது! தெற்கே இருக்கும் கடற்கரைகளுக்குப் பெயரும் பெருமையும். வடக்கே இருப்பதற்கு ஸ்டேஷன் நம்பர். ஒரு பொது இடத்தை ஊர் எந்த அளவுக்குத் தன்னுடையதாக நினைக்கிறது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

பொது இடத்தை யார் காப்பது என்ற விஷயத்தைத்தான் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் ஆராயப் போகிறோம். நகரசபையா, நாமா, இரண்டு பேருமா? இரண்டு பேரும் என்றால், யாருடைய வேலை எது வரை?

மணல் போன கதை

வட சென்னைக்கு அகலமான கடற்கரை ஏன் இல்லை? அதற்கு ஒரு கதை இருக்கிறது.

கடலோர மணல் ஓரிடத்தில் சும்மா கிடப்பதில்லை. அலைகள் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மணல் வடக்கே போகிறது. வடகிழக்குக் காற்று காலத்தில் தெற்கே திரும்புகிறது. வருஷக் கணக்கைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், சென்னைக் கரையில் வடக்கே போவதுதான் அதிகம். 1870-களில் துறைமுகம் கட்டத் தொடங்கி, கடலுக்குள் கல் சுவர்களை நீட்டினார்கள். 1881 நவம்பரில் அடித்த புயலில் அந்தச் சுவர்கள் பெருத்த சேதமடைந்தன. மறுபடியும் கட்டினார்கள்.

வடக்கே போக வேண்டிய மணல், சுவரின் தென்பக்கத்திலேயே தங்கிவிட்டது. கரை அங்கே வளர்ந்துகொண்டே போயிற்று. 1884-ல் கவர்னர் கிராண்ட் டஃப் கரையோரத்தில் உலாவும் சாலை அமைத்து, மெரீனா என்று பெயர் வைத்தார். சுவரின் வடபக்கத்திலோ வரவு நின்றுவிட்டது; அலை அரித்துக்கொண்டு போகிற செலவு மட்டும் நிற்கவில்லை. வரவு இல்லாமல் செலவு மட்டும் நடக்கிற குடும்பம் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை தேய்ந்தது. மீனவர் குடியிருப்புகள் பின்வாங்கின. கடல் வீட்டுக்குள் வராமல் இருக்கக் கருங்கற்களைக் கொட்டினார்கள். இன்று அந்தச் சாலையில் போகிறவர் பார்ப்பது பெரும்பாலும் கற்குவியலும், கற்களுக்கு அப்பால் கடலும்தான். ஒருபக்கம் கண்டெய்னர் லாரிகள் வேறு!

ஆகவே, வட சென்னைக்காரருக்கு எஞ்சியிருக்கும் ஒவ்வொரு பூங்காவும், குளக்கரையும், மணல் துண்டும் ரொம்பவும் அருமையானது. பெரிய பங்களாவில் இருப்பவருக்குத் தோட்டம் இருக்கிறது. ஒற்றை அறையில் ஐந்து பேர் குடியிருக்கும் வீட்டுக்குப் பொதுப் பூங்காதான் கூடம், முற்றம், மொட்டைமாடி எல்லாம்.

பூங்காவை விழுங்கிய பூங்கா நகர்

பொது இடத்தைக் கவனிக்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1859-ல் சென்னைக்கு கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவல்யன், நகரத்து ஜனங்கள் எல்லோரும் வந்து காற்று வாங்குவதற்கென்று 'மக்கள் பூங்கா' ஒன்றை ஏற்பாடு செய்தார். ஏறத்தாழ 116 ஏக்கர்! குளங்கள், நடைபாதைகள், வாத்திய மண்டபம், மிருகக்காட்சி சாலை எல்லாம் அதில் இருந்தன.

பிறகு என்ன ஆயிற்று? நல்ல காரியங்களுக்காகவே அது துண்டு துண்டாகப் போயிற்று. விக்டோரியா பொது மண்டபம் வந்தது. மூர் மார்க்கெட் வந்தது. 1913-ல் நகரசபையின் ரிப்பன் மாளிகையே வந்தது. விளையாட்டு அரங்கம் வந்தது. 1985-ல் மிருகக்காட்சி சாலை வண்டலூருக்குக் குடிபெயர்ந்தது. ஒவ்வொன்றும் ஊருக்கு வேண்டியதுதான்; ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஆனாலும் பூங்காவில் இப்போது மிச்சம், மை லேடீஸ் கார்டன் என்ற ஒரு மூலையும், ரயில் நிலையத்தின் பெயரும்தான். 'பார்க் ஸ்டேஷன்' என்று டிக்கெட் வாங்குகிறோமே, அந்தப் பார்க் எங்கே என்று யாராவது தேடியிருக்கிறோமா?

ராயபுரத்துக்கு வருவோம். 1856-ல் தென்னாட்டின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரத்தில், ராபின்சன் பூங்கா என்று ஒரு பூங்கா. 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தது அங்கேதான். இன்று அதற்கு அறிஞர் அண்ணா பூங்கா என்று பெயர். அவரவர் அரசியல் எதுவாகவும் இருக்கட்டும். மண்டபம் வாடகைக்குப் பிடிக்கப் பணம் இல்லாதவர்களும் கூடிப் பேச ஓரிடம் வேண்டும் என்பதை யாரும் மறுக்க முடியாது. திறந்தவெளி என்பது காற்று வாங்க மட்டும் அல்ல. ஊர் ஒன்று கூடவும் அதுதான் இடம்.

'புறம்போக்கு' என்று திட்டலாமா?

பொது நிலத்துக்கு நம் பழைய கணக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'புறம்போக்கு'. தீர்வை போடும் நிலங்களின் கணக்குக்குப் புறம்பே நிற்பது என்று அர்த்தம். ஏரி, ஆற்றங்கரை, மேய்ச்சல் தரை, பாதை, சுடுகாடு, கடற்கரை எல்லாம் அந்தக் கணக்கில் வரும். ஒருவருக்கும் சொந்தமில்லாததால் அல்ல, எல்லோருக்கும் சொந்தமானதால் விலை போடாமல் விட்ட நிலம். அந்தச் சொல்லையே இன்று ஆளைத் திட்டுவதற்கு உபயோகிக்கிறோம்! 2017 ஜனவரியில் சங்கீத வித்துவான் டி.எம். கிருஷ்ணா, கபேர் வாசுகி எழுதிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' என்ற பாட்டை எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று பாடி, படமாக்கி வெளியிட்டார். அந்த வசைச் சொல்லின் பழைய மரியாதையை ஊருக்கு நினைவூட்டத்தான் அந்தப் பாட்டு.

எண்ணூரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் இடம் அது. இறாலும் நண்டும் மடவையும் வளரும் தாய்மடி. மழைக்காலத்தில் வெள்ளம் வடிவதற்கு வழியும் அதுதான். அதன் கரைகளில் மின்நிலையங்களும் துறைமுகங்களும் தொழிற்சாலைகளும் வந்தன. நிலக்கரிச் சாம்பல் தண்ணீரில் கலந்தது. கழிமுகத்தின் ஓரங்கள் மேடாயின. அதைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தவர்கள் மீனவர்கள். தினமும் வலை வீசுகிறவருக்குத்தான் ஆழம் எங்கே குறைந்தது என்று தெரியும். சம்பளம் வாங்காத காவல்காரர்கள் அவர்கள்.

தொண்டு நமக்குப் புதிதல்ல

'வாலண்டியர்' என்ற சொல் புதிதாக வந்திருக்கலாம். காரியம் புதிதல்ல. அப்பர் சுவாமிகளைச் சித்திரத்தில் பார்த்திருப்பீர்கள். அவர் தோளில் சாய்ந்திருக்கும் கருவி என்ன? உழவாரம். கோயில் பிராகாரத்தில் முளைத்த புல்லைச் செதுக்கும் கருவி. திருவொற்றியூர்க் கோயிலையும் பாடிய அந்தப் பெரியவர், பதிகத்தோடு நிறுத்தாமல் புல்லும் செதுக்கினார். இன்றைக்கும் உழவாரப் பணிக் குழுக்கள் விடுமுறை நாட்களில் ஊர் ஊராகப் போய்க் கோயில்களைச் சுத்தம் செய்கின்றன. பெண்கள் விளக்குகளைத் துலக்குகிறார்கள். ஆண்கள் மதில் மேல் ஏறி அரசங்கன்றைப் பிடுங்குகிறார்கள்.

அதுபோலவே குடிமராமத்து. ஏரியும் வாய்க்காலும் ஊர்ச் சொத்து. மழைக்கு முன் வீட்டுக்கு ஒரு ஆள் வந்து தூர் எடுக்க வேண்டும் என்பது பழைய கட்டுப்பாடு. 2017-ல் தமிழ்நாட்டு அரசு அந்தப் பெயரையே வைத்து ஏரிகளைச் செப்பனிடும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இரண்டிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எந்த இடம், எந்த நாள், யார் வர வேண்டும், என்ன கருவி என்பதெல்லாம் முன்கூட்டியே தீர்மானம். உற்சாகம் வந்தபோது செய்வது, வராதபோது விட்டுவிடுவது என்பது அங்கே இல்லை.

வாளியோடு வந்த பிள்ளைகள்

2017 ஜனவரி 28-ந் தேதி விடியற்காலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று எரிவாயுக் கப்பல்; மற்றொன்று எண்ணெய்க் கப்பல். சுற்றுப்புறத்துக்குச் சேதம் ஒன்றும் இல்லை என்றுதான் முதலில் செய்தி வந்தது. ஆனால் அலை பொய் சொல்லவில்லை. கறுப்பு எண்ணெய் கரைக்கு வந்து சேர்ந்தது. எர்ணாவூர்ப் பக்கம், அரிப்பைத் தடுக்கப் போட்ட கற்களின் இடுக்கில் குழம்பாகத் தேங்கி நின்றது. தெற்கே மெரீனா வரைக்கும் அதன் அடையாளம் தெரிந்தது.

கப்பல் எரிபொருள் கடல் நீரோடு கலந்து அடிபட்டால், நம் வீட்டு அல்வா பதத்துக்கு வந்துவிடும். உறிஞ்சும் இயந்திரங்களின் குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். கடைசியில் கை கொடுத்தது எது தெரியுமா? வாளி! கடலோரக் காவல் படையினர், நகரசபைப் பணியாளர்கள், மீனவர்கள், கல்லூரி மாணவ மாணவிகள் என்று ஆயிரக்கணக்கில் வரிசையாக நின்று, கைமாற்றிக் கைமாற்றி அந்தக் கறுப்புக் குழம்பை அள்ளினார்கள். பல நாட்கள் நடந்தது அந்த வேலை. அந்த நாட்களில் மீன் வாங்க ஆள் இல்லாமல் கூடைக்காரப் பெண்கள் தவித்தார்கள். பயத்தைப் போக்க மந்திரிகளே பலர் பார்க்க மீன் சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

அந்தப் பிள்ளைகளை நினைத்தால் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் தாய்மார்கள் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். முதல் நாட்களில் எத்தனையோ பேர் சரியான கையுறை இல்லாமல், முகமூடி இல்லாமல் இறங்கினார்கள் என்பதற்கு அன்றைய பத்திரிகைப் படங்களே சாட்சி. அந்த எண்ணெய் தோலுக்கும் சுவாசத்துக்கும் கேடு. நல்ல மனசு நிறைய இருந்தது. அந்த மனசைப் பத்திரமாக உபயோகிக்கும் ஏற்பாடுதான் பின்னால் வந்தது.

ஆறு வருஷம் கழித்து, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். மணலித் தொழிற்பேட்டைப் பக்கத்திலிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கியது. வீட்டுச் சுவர்களில் கறுப்புக் கோடு, படகுகளில் பிசுக்கு, கூழைக்கடாப் பறவைகளின் வெள்ளைச் சிறகில் கறை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இந்த விஷயத்தைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. படகில் ஏறி எண்ணெயை அள்ளியவர்களில் மீனவர்களே அதிகம். இந்தத் தடவையும் வாளிதான்!

நம் வீட்டில் குழந்தை பாலைக் கொட்டினால் நாமே துடைத்துவிடுகிறோம். யாரோ வந்து நம் கூடத்தில் மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்துவிட்டுப் போனால், பேசாமல் துடைத்துக்கொண்டு இருப்போமா? பூங்காவில் உதிர்ந்த இலையைக் கூட்டுவது தொண்டு. தொழிற்சாலைக் கழிவை அள்ளுவது, அதற்குப் பொறுப்பாளி யாரோ அவர்களுடைய கடமை. அதற்கென்று பயிற்சியும் உடுப்பும் உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை. தொண்டர்கள் இந்த வித்தியாசத்தை மறந்தால், நம்முடைய உழைப்பே மற்றவர்களுடைய அலட்சியத்துக்கு மானியமாகிவிடும்.

நடந்து காட்டியவர்கள்

நிலைத்து நிற்கும் தொண்டு எப்படி இருக்கும்? சென்னையின் தென்பகுதியில் இரண்டு நல்ல உதாரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, ஆமை நடை. நம் மீனவர்கள் பங்குனி ஆமை என்று சொல்லும் கடலாமைகள் ஆண்டின் தொடக்க மாதங்களில் இரவு வேளையில் கரையேறி முட்டையிடுகின்றன. நாயும் நரியும் மனிதனும் அவற்றை எடுத்துவிடாமல் காக்க, 1988-ல் சில மாணவர்கள் ஒரு குழு அமைத்தார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர், நடு இரவில் மணலில் நடந்து, ஆமையின் தடத்தைக் கண்டுபிடித்து, முட்டைகளைப் பாதுகாப்பான பொரிப்பகத்துக்குக் கொண்டு வருகிறார்கள். சுமார் 45 நாளில் குஞ்சு பொரித்ததும் கடலில் விடுகிறார்கள். முதலில் வந்த மாணவர்கள் படிப்பு முடிந்து, உத்தியோகம் பார்த்து, குடும்பஸ்தர்களாகியும் விட்டார்கள். நடை நிற்கவில்லை. ஏன்? பாதை ஒன்று, பருவம் ஒன்று, எண்ணிக்கை எழுத நோட்டு ஒன்று. புதிதாக வருகிறவர் முதல் இரவிலேயே தன் வேலை என்ன என்று தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது, கோட்டூர்புரம். அடையாற்றங்கரையில் பொதுப்பணித் துறைக்குச் சொந்தமான ஒரு நிலம் குப்பைமேடாகக் கிடந்தது. 'நிழல்' என்ற அமைப்பு 2006-ல் அதை மரப்பூங்காவாக்கும் வேலையைத் தொடங்கியது. நிலம் அரசாங்கத்துடையது, உழைப்பு தொண்டர்களுடையது. வாரந்தோறும் சிரமதானம். களை பிடுங்குவது, பாத்தி கட்டுவது, இலைச் சருகை உரமாக்குவது என்று அவரவர் வயசுக்கும் சக்திக்கும் ஏற்ற வேலை. நம் மண்ணுக்கு உரிய மரங்களையே நட்டார்கள். குப்பை நாற்றம் இருந்த இடத்தில் இப்போது பறவைகளின் சத்தம்.

பம்பாயிலிருந்து ஒரு பாடமும் உண்டு. 2015 அக்டோபரில் அப்ரோஸ் ஷா என்ற வக்கீலும், அவருடைய பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவரும் வெர்சோவா கடற்கரையில் குப்பை பொறுக்கத் தொடங்கினார்கள். வாரத்துக்கு வாரம் கூட்டம் பெருகியது. ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் விருது அடுத்த வருஷமே வந்தது. ஆனால் 2017 நவம்பரில் அவர் வேலையை நிறுத்திவிட்டதாக அறிவித்தார். காரணம்? பொறுக்கிக் குவித்த குப்பையை எடுத்துப் போக வண்டி வரவில்லை. வம்பர்களின் தொல்லை வேறு. பிறகு நிலைமை சீர்பட்டு வேலை தொடர்ந்தது. 2018 மார்ச்சில் அந்தக் கரையில் ஆமைக் குஞ்சுகளே பொரித்து வந்தன! தொண்டர் குனிந்து பொறுக்கலாம். லாரி நகரசபையுடையதாகத்தான் இருக்க வேண்டும். ஒன்றில்லாமல் மற்றொன்று வீண்.

நியூயார்க் நகரத்துச் சென்ட்ரல் பார்க் எத்தனையோ சினிமாக்களில் வருகிறதே, அதுவும் 1970-களில் புல் கருகி, பெஞ்சு உடைந்து, பெண்கள் போகப் பயப்படும் இடமாகத்தான் இருந்தது. 1980-ல் பொதுமக்கள் ஒரு சங்கம் அமைத்து நகரசபையோடு கை கோத்தார்கள். பூங்காவைச் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரத்துக்கு ஒரு தோட்டக்காரர் என்று நியமித்தார்கள். ஒரு மூலையில் புல் வாடினால் யாரைக் கேட்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். தொண்டர்கள் அந்தத் தோட்டக்காரரிடம் கேட்டு, அவர் சொல்கிற வேலையைச் செய்கிறார்கள். ஆயிரம் பேருக்குப் பொறுப்பு என்றால் ஒருவருக்கும் பொறுப்பில்லை என்பதுதான் உலகமெங்கும் உண்மை போலிருக்கிறது!

நம் தெருவில் தொடங்கினால்

2011-ல் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் எல்லாம் சென்னை நகரசபையோடு சேர்ந்துவிட்டன. 2024 மார்ச்சில் தொடங்கிய வட சென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு 4,000 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கினார்கள். ஏரிக்கரை, பூங்கா, கடற்கரை என்று பல வேலைகள் அதில் அடக்கம். சந்தோஷம்! ஆனால் கல்யாணம் செய்து வைப்பது ஒரு நாள் காரியம். குடித்தனம் நடத்துவது ஆயுள் காரியம். பூங்காவைத் திறந்து வைக்க யாரும் வருவார்கள். மூன்றாவது வருஷம் ஊஞ்சல் சங்கிலி அறுந்தால் அதைப் பார்ப்பது யார்? அங்கேதான் நமக்கு வேலை.

பத்துப் பேர் போதும். பக்கத்துப் பூங்கா ஒன்றையோ, குளக்கரை ஒன்றையோ தேர்ந்தெடுங்கள். ஊரெல்லாம் சுத்தம் செய்யக் கிளம்ப வேண்டாம், ஓரிடம் போதும். மாதத்தில் ஒரு ஞாயிறு, காலை ஒன்றரை மணி நேரம். மழையானாலும் நாள் மாறக் கூடாது. இரண்டே பேர் வந்தாலும் அன்றைக்கு வேலை நடந்ததாகவே கணக்கு.

போவதற்கு முன் நகரசபையின் பூங்கா அதிகாரியிடம் சொல்லி, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். என்ன வேலை நம்முடையது, குப்பை மூட்டைகளை எடுக்க வண்டி எத்தனை மணிக்கு வரும் என்பதை அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வெர்சோவா பாடம் நினைவிருக்கட்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். மளிகைக் கணக்கு எழுதுகிற நமக்கு இதுவா கஷ்டம்? எத்தனை விளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வருகிறதா, கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, பெண்களுக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தில் கதவு திறந்திருக்கிறதா என்று தேதி போட்டு எழுதுங்கள். ஆண்கள் பூங்காவுக்குப் போனால் பெஞ்சைப் பார்ப்பார்கள். பெண்கள்தான் விளக்கைப் பார்ப்பார்கள். விளக்கில்லாத பூங்கா மாலை ஆறு மணிக்குமேல் நமக்கு இல்லாத பூங்கா. புகார் சொல்ல நகரசபையின் டெலிபோன் எண் 1913. ரிப்பன் மாளிகை திறந்த வருஷமும் அதுவே என்பதால் மறக்கவே முடியாது! புகார் எண்ணையும் நோட்டில் குறித்து வையுங்கள். 2022-ல் வந்த விதிகளின்படி வார்டுதோறும் பகுதி சபைகள் கூட வேண்டும். அங்கே வாயால் சொன்னால் காற்றோடு போகும். தேதிவாரியான நோட்டை மேஜைமேல் வைத்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

மரம் நடுவதாக இருந்தால் கண்ணுக்கு அழகான மரத்தை மட்டும் பார்க்காதீர்கள். 2016 டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயலில் சென்னையில் வேரோடு சாய்ந்தவற்றில், அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மரங்கள் ஏராளம். உப்புக் காற்று அடிக்கும் வட சென்னைக்குப் புன்னையும் பூவரசும் புங்கமும் வேம்பும் ஏற்றவை. நட்டால் மட்டும் போதாது. இரண்டு கோடைகாலமாவது தண்ணீர் ஊற்ற வேண்டும். கன்று ஒன்றுக்கு ஒரு வீடு என்று பொறுப்புக் கொடுத்துவிட்டால் குழந்தைகளே குடம் எடுத்துக்கொண்டு ஓடும்.

பூங்காவைத் தினமும் கூட்டுகிற பணியாளர் பெரும்பாலும் ஒரு பெண்ணாக இருப்பார். அதே வட்டாரத்தில் குடியிருப்பவராகவும் இருப்பார். நாம் போவது மாதம் ஒரு நாள். அவர் முப்பது நாளும் வருகிறவர். அவரைத் தெரிந்துகொள்ளுங்கள், எந்த மூலையில் என்ன கோளாறு என்று அவரைக் கேளுங்கள். தொண்டர்கள்தான் இருக்கிறார்களே என்று அவருடைய வேலைக்கோ கூலிக்கோ கை வைக்க யாராவது நினைத்தால், அதை முதலில் எதிர்க்க வேண்டியவர்கள் தொண்டர்களாகிய நாம்தான்.

இன்னொரு எச்சரிக்கை. எண்ணெய்ப் பிசுக்கு, இரசாயன வாடை, ஊசி, மருந்துக் கழிவு, பெயர் தெரியாத டின் இவற்றைத் தொட வேண்டாம். குழந்தைகளை அப்பால் அனுப்பிவிட்டு, படம் பிடித்து, நேரத்தைக் குறித்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் நகரசபைக்கும் தெரிவியுங்கள். எண்ணூரில் இரண்டு தடவை பட்ட அனுபவம் ஊருக்குப் போதும்.

விடிந்ததும் வாசலைப் பெருக்கி, தண்ணீர் தெளித்துக் கோலம் போடுகிறோம். அந்த வாசல் உண்மையில் யாருடையது? பெரும்பாலும் தெருவைச் சேர்ந்ததுதான். பத்திரத்தில் நம் பெயர் இல்லை. ஆனாலும் தினமும் பெருக்குவதால் அது நம்முடையதாகிவிட்டது. ஒருவரும் அங்கே குப்பை கொட்டத் துணிவதில்லை. அந்தப் பெருக்குமாறு தெரு முனைப் பூங்கா வரைக்கும் போய் வர மாதத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். பத்து வீட்டுப் பெண்கள் சேர்ந்து முடிவு செய்தால், வருகிற மாதமே தொடங்கிவிடலாம். நோட்டுப் புத்தகத்தை மட்டும் இன்றைக்கே வாங்கி வைத்துவிடுங்கள்.